அட்வான்ஸ் வேண்டாம் சார்

கட்டைவிரல் ரெண்டும் கழன்று விழுந்துவிட்டால் தேவலை என்றிருந்தது மாதேஸ்வரிக்கு. கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வலது விரலை இடது கையால் பொத்திக்கொண்டிருந்தாள். கணுவுக்குக் கீழே வீங்கி, வெந்த கிழங்கு போல் பளபளத்தது. வண்டிகளுக்குள் ஓடுகிற வயர்க் கட்டு செய்கிற கம்பெனி அது. நகர்ந்துகொண்டே வருகிற பலகையில் சிவப்பும் கறுப்புமாக வயர்களை முன்னால் நிற்கிறவர்கள் படுக்கவைத்து அனுப்புவார்கள். இவள் இடத்துக்கு வந்ததும் பிளாஸ்டிக் கிளிப்பை வைத்து, டக்கென்று சத்தம் கேட்கிறவரை கட்டைவிரலால் அமுக்க வேண்டும். சத்தம் வராவிட்டால் அந்தக் கட்டு திரும்பி வரும், கூடவே சூப்பர்வைசரும் வருவான். காலை ஆறிலிருந்து மதியம் ரெண்டு வரை அதே டக், டக். கம்பெனி நர்ஸம்மா ஸ்பிரே அடித்துவிட்டு, வலித்தால் ரெண்டு நாள் லீவு போடுங்கள் என்றிருந்தாள். காண்ட்ராக்ட் ஆளுக்கு லீவு என்றால் அன்றைக்குக் கூலி இல்லை என்பது நர்ஸம்மாவுக்குத் தெரியாது.

உத்தனப்பள்ளி கூட்ரோட்டில் இறங்கியபோது தூறல். இந்தப் பக்கத்து ஐப்பசித் தூறல் நனைக்கவும் நனைக்காது, விடவும் விடாது. குளிரை எலும்புக்குள் இறக்கிவிட்டுப் பேசாமல் நிற்கும். டீக்கடை ஓரம் பார்த்தாள். புருஷன் திம்மராயன் தினமும் அங்கேதான் மொபெட் வண்டியோடு நிற்பான். விடிகாலையில் காடுகளில் கொத்தமல்லிக் கட்டு ஏற்றி, சூளகிரி மண்டியில் இறக்கிவிட்டு, மதியம் வீடு திரும்புகிற வழியில் இவளை ஏற்றிக்கொள்வான். அவன் உடம்பெல்லாம் மல்லித்தழை வாசம் அடிக்கும். இன்றைக்கு ஆளும் இல்லை, வண்டியும் இல்லை. போன் அடித்துப் பார்த்தாள். எடுக்கவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள்.

வீட்டுக்கு முன்னால் மல்லிக் கட்டு மலையாகக் குவிந்து கிடந்தது. சுரேந்தர் கவுண்டர் காட்டு மல்லி. வேர் மண் கழுவி, வாழை நாரில் கட்டியபடியே இருந்தது. மண்டிக்குப் போகவே இல்லை. வாசப்படியில் திம்மராயன் குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தான்.

"போன் எடுக்கறதுக்கு என்னா?"

"சார்ஜ் இல்ல."

"வண்டி எங்க?"

அவன் வாயைத் திறக்காமல் மோவாயைப் பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டாய்ப் பக்கம் திருப்பினான். அது அவன் அண்ணன் பெண்டாட்டி சென்னம்மாவின் கொட்டாய். மாதேஸ்வரி எட்டிப் பார்த்தாள். பசுவுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி, கேவுரு தட்டுக் கட்டுகளுக்கு அடியில் வண்டியின் பின் சக்கரம் மட்டும் தெரிந்தது.

"ஏன்யா, வண்டிக்குக் குளிருதா? போத்தி விட்டிருக்க."

"சத்தமாப் பேசாத. பைனான்ஸ்காரன் காலையில கூட்ரோட்ல நின்னுகினு இருந்தான். சாவிய புடுங்கப் பாத்தான். நான் காட்டு வழியில பூந்து வந்துட்டேன். வீட்டுக்கு வருவானுங்க."

"எதுக்கு வரானுங்க? ஆடு வித்துப் பதினஞ்சாயிரம் கொண்டுபோய்க் கட்டினியே."

"அதான் எனக்கும் புரியல."

"புரியலயா? மூணு மாசமா நான் கேட்டுகினே கீறேன். டியூ கட்டலையான்னு. மொத்தமாக் கட்டியாச்சு, நாலு மாசத்துக்குக் கேக்க மாட்டான்னு நீதான் சொன்ன."

"கேக்கக் கூடாது இல்ல? முனிவேலு கிட்ட மொத்தமா ஒரு தொகைய நீட்டினா, அவன் மூணு நாலு மாசம் இந்தப் பக்கம் தல வெச்சுப் படுப்பானா? கொஞ்ச நாள் மூச்சு வுட்டுக்கோ திம்மராயான்னு தானே சொல்லுவான்."

முனிவேல் இவர்களுக்குக் கைக்கடன் கொடுத்திருக்கிறவன். சூளகிரியில் டயர் கடை. மூணு வட்டி என்றால் நூறுக்கு மாதம் மூணு ரூபாய். அசலில் எவ்வளவு கட்டினாலும் அடுத்த மாதம் அதற்கு வட்டி குறையும். வாய் கெட்டவன். பெண்களை வைத்துக்கொண்டே அசிங்கமாகப் பேசுவான். ஆனாலும் அவனுடைய கணக்கு இவர்களுக்குப் புரிகிற கணக்கு. வண்டிக் கடனைப் போட்ட ஷோரூமில் ஒண்ணேகால் வட்டி என்றார்கள். மூணு எங்கே, ஒண்ணேகால் எங்கே என்று திம்மராயன் அன்றைக்கு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். எழுபத்திரண்டாயிரம் கடன், முப்பது மாதம், மாதம் மூவாயிரத்து முந்நூறு. ஒன்பது மாதம் பிசகாமல் கட்டினான். அப்புறம்தான் மாதேஸ்வரியின் ரெண்டு ஆடும் போயின.

அவள் அடுப்பைப் பற்ற வைத்தாள். கேவுரு மாவைக் கொதிக்கிற தண்ணீரில் கொட்டிக் களி கிண்ட வேண்டும். துடுப்பைப் பிடிக்க விரல் ஒத்துழைக்கவில்லை. உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்துக் கிண்டினாள். காலையில் கடைந்து வைத்த கீரை இருந்தது. மகள் ஹரிணி கிருஷ்ணகிரியில் ஹாஸ்டலில் படிக்கிறாள். ரெண்டு பேருக்கு இந்தக் களி மிஞ்சும்.

"மாதேசு, வந்துட்டியா?"

சென்னம்மா தலையில் யூரியாச் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். ஓரகத்தி என்றாலும் மாதேஸ்வரிக்கு அக்காதான். அவள் வீட்டுக் கூரையின் ஓடு போன வெயில் காலத்துக் காற்றில் பறந்துபோய், நீலத் தார்ப்பாய் கட்டிக் கிடந்தது. உள்ளே மகள் சுவாதி. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தவள். நிறைமாதம். தார்ப்பாய்க்குள் எங்கே ஒழுகவில்லையோ அங்கே கட்டிலை இழுத்துப் போட்டுப் போட்டு இந்த ஒரு வாரத்தில் கட்டில் வீடு முழுக்கச் சுற்றிவிட்டது.

"குழுப் பணம் குடுத்துடு புள்ள. காலையில நீ ஷிப்டுக்குப் போயிடுவ. ஏழரைக்கு மீட்டிங்கு."

மாதேஸ்வரி இடுப்புச் சுருக்குப் பையைத் தொட்டாள். ரெண்டாயிரத்து இருநூற்று ஐம்பது. ரெண்டு வாரத்துக்கு ஒரு தரம் கட்டுகிற பணம். எட்டுப் பெண்கள் சேர்ந்து வாங்கிய குழுக் கடன். நாளைக்கு மீட்டிங்கில் எல்லாரும் கட்டினால், சென்னம்மாவுக்கு நாற்பதாயிரம் பாஸாகும். கூரைக்கு ஷீட் சொல்லி வைத்திருந்தாள். ஒருத்தி கட்டாவிட்டாலும் யாருக்கும் பணம் கிடையாது.

"தரேங்க்கா. களிய எறக்கிட்டுத் தரேன்."

"கையில என்னா வீக்கம்? கொள்ளு வறுத்துத் துணியில கட்டி ஒத்தடம் குடு."

"கொள்ளு இருந்தா ரசம் வெச்சுக் குடிச்சிருக்க மாட்டனா?"

சென்னம்மா சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் தெருமுனையில் ரெண்டு பேர் வருவது தெரிந்தது. ஒருத்தன் ஹெல்மெட்டைக் கையில் மாட்டியிருந்தான். சேற்றுக்குப் பயந்து வண்டியை ரோட்டிலேயே விட்டுவிட்டுக் குதித்துக் குதித்து நடந்து வந்தார்கள்.

திம்மராயன் எழுந்து நின்றான். லுங்கியை இறுக்கிக் கட்டினான்.

முன்னால் வந்தவன் விமல்ராஜ். குருபரப்பள்ளிக்காரன். இருபத்தாறு வயது இருக்கும். பைனான்ஸில் வசூல் வேலை. மூன்று மாதமாகப் போனில் பேசுகிறவன் இவன்தான். பின்னால் வந்தவன் வண்டி ஓட்டிக்கொண்டு போவதற்காகக் கூட்டி வந்த ஆள்.

"வணக்கம்ணா. காலையில ஓடிட்டீங்களே. நான் என்னா புலியா?"

"ஓடல தம்பி. லோடு இருந்துச்சு."

"லோடு இங்கதானே கிடக்குது." குவிந்து கிடந்த மல்லியைக் காலால் தொடாமல் சுற்றிக்கொண்டு வந்தான். "வண்டி எங்கண்ணா?"

"வண்டி இல்ல. மச்சான் எடுத்துக்கினு போயிருக்கான்."

விமல்ராஜ் சென்னம்மாவைப் பார்த்தான். "அக்கா, நீங்க பக்கத்து வீடா? வண்டியப் பாத்தீங்களா?"

மாதேஸ்வரி துடுப்பைப் பிடித்தபடி நின்றாள். கொட்டாயில் பசு வாலை அடித்துக்கொண்டது. தட்டுச் சரசரத்தது. சென்னம்மா தலையிலிருந்த சாக்கைச் சரி செய்துகொண்டாள்.

"நான் எங்கப்பா பாக்கறேன்? மாட்டப் பாக்கவே எனக்கு நேரம் இல்ல."

மாதேஸ்வரி குனிந்து களியைக் கிண்டினாள். அடிபிடித்த வாசனை வந்தது.

"சரிண்ணா. வண்டி எங்கயோ இருக்கட்டும்." விமல்ராஜ் வாசப்படி ஓரத்தில், கேட்காமலே, உட்கார்ந்தான். ஓடி ஓடிச் சலித்த ஆள் மாதிரி இருந்தான். "மூணு டியூ ஏறிப்போச்சு. தொண்ணூறு நாளாச்சுன்னா மேல இருந்து வண்டி எடுக்கற லிஸ்ட் வந்துடும். உங்க பேரு லிஸ்ட்ல கீது. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"அதான் பதினஞ்சாயிரம் கட்டினேனே தம்பி. ரசீது காட்டட்டுமா?"

"வேணாம்ணா, எனக்கே தெரியுது." போனை விரலால் தள்ளினான். "பதினஞ்சாயிரம் வந்திருக்குது. பார்ட் பேமெண்ட்னு ஏறியிருக்குது. அசல்ல கழிஞ்சிருச்சு. கடைசியில ஆறு மாசம் கொறஞ்சிருக்குது உங்களுக்கு."

"கடைசியிலயா?"

"ஆமா. ஒண்ணரை வருசம் கழிச்சு முடிய வேண்டியது, ஒரு வருசத்துலயே முடிஞ்சுடும்."

"ஒண்ணரை வருசம் கழிச்சு நான் உசிரோட கீறனோ இல்லையோ. இப்ப கட்ட முடியாமதானே மொத்தமாக் கொண்டாந்து குடுத்தேன். ஐப்பசி மழைக்கு மல்லி அழுகிப் போவும், லோடு கொறஞ்சிடும், அந்த நாலு மாசம் என்னால முடியாதுன்னு தானே முன்னாடியே குடுத்தேன்."

"அப்படின்னா அட்வான்ஸ் டியூன்னு சொல்லியிருக்கணும்ணா. நாலு மாச டியூவும் அதுலயே எடுத்துப்பாங்க. நான் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன். கவுன்டர்ல கேட்டிருப்பாங்களே? அட்வான்ஸ் டியூவா, பார்ட் பேமெண்டான்னு."

திம்மராயன் மல்லிக் குவியலைப் பார்த்தான். தூறல் மல்லிக் கட்டின் மேல் விழுகிற சத்தம் கேட்டது.

"கேட்டாங்களாய்யா?" என்றாள் மாதேஸ்வரி.

"கேட்டாங்க."

"நீ என்னா சொன்ன?"

"அட்வான்ஸ் வேணாம் சார், பார்ட்டே போட்டுக்கோங்கன்னேன்."

கூட வந்த ஆள் களுக்கென்று சிரித்தான். விமல்ராஜுக்குப் புரியவில்லை. "ஏண்ணா வேணாம்னீங்க?" என்றான்.

மாதேஸ்வரிக்குப் புரிந்தது. அடுப்பிலிருந்த சட்டியை இறக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள். திம்மராயனின் அப்பன் திம்மப்பன் கல் குவாரியில் அட்வான்ஸ் வாங்கியவன். கல்யாணச் செலவுக்கு வாங்கிய எட்டாயிரம். அதைக் கழிக்கப் புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் கல் உடைத்தார்கள். காய்ச்சல் வந்தால் மருந்துக்கு ஓனர் கொடுத்ததும் அட்வான்ஸில் ஏறியது. பொங்கலுக்குக் கொடுத்த துணி அட்வான்ஸில் ஏறியது. திம்மராயன் ஏழு வயதில் சுத்தியல் பிடித்தான். அப்பன் செத்தபோது எட்டாயிரம் இருபத்தோராயிரம் ஆகியிருந்தது. இந்தக் காலனியில் பெண் கொடுக்கும்போது மாப்பிள்ளை குடிக்கிறானா என்று அப்புறம்தான் கேட்பார்கள். மாதேஸ்வரியின் அம்மாவும் முதலில் கேட்டது, பையன் எங்கேயும் அட்வான்ஸ் வாங்கலையே என்றுதான். அந்த ஒரு வார்த்தை காதில் விழுந்தாலே திம்மராயன் எழுந்து போய்விடுவான். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து ஒருத்தர் சிரித்த முகமாக அட்வான்ஸா என்று கேட்டால், வேண்டாம் சாமி என்று கும்பிட்டுவிட்டுத்தான் வருவான்.

"அண்ணா, அது அவங்க குடுக்கற அட்வான்ஸ் இல்ல. நீங்க குடுக்கற அட்வான்ஸ்."

"எங்கூர்ல கூலிக்காரன் யாருக்கு தம்பி அட்வான்ஸ் குடுத்திருக்கான்? எனக்கு எப்படித் தெரியும்?"

விமல்ராஜ் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. எழுந்து தள்ளிப் போய்க் கன்னடத்தில் பேசினான். "மனெ ஹத்ரனே இதீனி சார். ஹௌது சார். ஹௌது." வீட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறேன், ஆமாம் சார், ஆமாம் என்பதுதான் அது. திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது. மேலே இருக்கிறவன் திட்டியிருப்பான்.

"அந்தப் பதினஞ்சாயிரத்த இப்ப மாத்திப் போட முடியாதா?" மாதேஸ்வரி கேட்டாள். "பார்ட்ட எடுத்துட்டு, அந்த இன்னொண்ணுல போட்டுக்கச் சொல்லு தம்பி. பணம் அதே பணந்தானே? உங்கிட்டதானே கீது?"

"ஏறினது ஏறினதுதாங்க்கா. சிஸ்டத்துல திருப்ப முடியாது. எழுதிக் குடுங்க, கேட்டுப் பாக்கறேன். அது ஆவறதுக்கு மூணு மாசம் ஆனாலும் ஆவும். அதுவரைக்கும் லிஸ்ட் நிக்காது."

"அசல்ல கழிஞ்சதுன்னா வட்டியாவது கொறஞ்சுதா? மாசா மாசம் அதே மூவாயிரத்து முந்நூறுதானே கேக்கற. முனிவேலுன்னா கொறச்சிருப்பான்."

விமல்ராஜ் தலையைச் சொறிந்தான். "எழுபத்திரண்டாயிரத்துக்கும் முப்பது மாசத்துக்கும் வட்டி முன்னாடியே போட்டுப் பிரிச்சுடுவாங்கக்கா. நீங்க எவ்ளோ கட்டியிருந்தாலும் டியூ அதேதான் வரும்."

"அப்ப நான் கட்டி முடிச்ச காசுக்கும் சேத்து வட்டி கட்டறேன்" என்றான் திம்மராயன்.

"என்னைக் கேட்டா என்னாண்ணா சொல்றது? நானும் இந்தப் போனைத் தவணையிலதான் வாங்கினேன். எனக்கும் அதேதான்."

சென்னம்மா "ஏனு மாடோது, என்னா பண்றது" என்று முனகினாள். ஆனால் போகவில்லை. மாதேஸ்வரியின் இடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணு பண்ணுங்க" என்றான் விமல்ராஜ். "ஒரு டியூ, தவறின மூணு டியூவுக்கும் பௌன்ஸு சார்ஜு. அஞ்சாயிரத்து எழுபது. இப்ப கட்டினீங்கன்னா, லிஸ்ட்ல இருந்து தூக்கச் சொல்லிட்டு நான் போயிடறேன். பாக்கிய அடுத்த மாசம் பாத்துக்கலாம். இல்லன்னா வண்டியக் குடுத்துடுங்க. ஒளிச்சு வெச்சீங்கன்னு எழுதினா, அப்புறம் ஸ்டேசன், கம்ப்ளைண்ட்டு, எல்லாருக்கும் கஷ்டம்."

திம்மராயன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினான். நேற்றைய மல்லி லோடுக் கூலி ஆயிரத்து நூறு. மாதேஸ்வரி ஷெல்ப்பில் டப்பாவுக்கு அடியிலிருந்து எழுநூறு எடுத்தாள். ஹரிணிக்கு அனுப்ப வைத்தது. திம்மராயன் முனிவேலுக்குப் போன் போட்டான். சார்ஜ் இல்லாத போன் இப்போது வேலை செய்தது. வாசலுக்கு வெளியே போய், குனிந்து குனிந்து பேசினான். முனிவேலின் குரல் இங்கேவரை கேட்டது. கெட்ட வார்த்தைகளும் கேட்டன.

"ஆயிரத்து இருநூறு தரேன்றான்" என்று வந்தான். "இதுக்கு பத்து வட்டியாம். போன்லயே அனுப்பிடறேன்றான்."

ஆயிரத்து நூறு, எழுநூறு, ஆயிரத்து இருநூறு. மூவாயிரம் ஆகிறது. குறைவது ரெண்டாயிரத்து எழுபது. அது மாதேஸ்வரியின் இடுப்பில் இருந்தது. திம்மராயன் அவளைப் பார்த்தான்.

"குழுப் பணத்த எடு மாதேசு. குழுவுக்கு ரெண்டு வாரம் தாங்கும். வண்டி போச்சுன்னா என் பொழப்பே போச்சு. கவுண்டர் என்னை எதுக்குக் கூப்புடுவாரு? தலையில சொமந்துகினு போவனா சூளகிரிக்கு?"

"ரெண்டு வாரம் தாங்காது திம்மா" என்றாள் சென்னம்மா. "குழு எப்படின்னு உனக்குத் தெரியாது. ஒருத்தி கட்டலன்னா நாங்க ஏழு பேரு கட்டணும். இல்லன்னா வசூலுக்கு வர்ற மேடம் எந்திரிக்க மாட்டாங்க. மேடம் எந்திரிக்கலன்னா நாங்களும் எந்திரிக்கக் கூடாது. போன வருசம் கட்டாத கவுரி வீட்டு முன்னாடி சாயங்காலம் வரைக்கும் உக்காந்தம் இல்ல? அவ மாமியார் சோறு பொங்கக்கூட முடியல. நாளைக்கு இந்த வாசல்ல உக்காரணும். அதுல நானும் ஒருத்தியா உக்காரணும்."

"நீ உக்காருவியா அண்ணி?"

"கையெழுத்துப் போட்டிருக்கேன். உக்காருவேன்."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. பால் கறக்கப் போகிறேன் என்பது போலச் சொன்னாள். பக்கத்து வீட்டுத் தார்ப்பாயில் தேங்கிய தண்ணீர் ஒருபக்கமாகச் சரிந்து கொட்டியது. உள்ளிருந்து சுவாதி, "அம்மா, இந்தப் பக்கமும் ஒழுகுது" என்றாள். சென்னம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

மாதேஸ்வரி யோசித்தாள் என்று சொல்ல முடியாது. யோசிக்க நேரம் இல்லை. நாலு கடன் நாலு விதமாக இருந்தது. முனிவேலின் கடன் வாசலில் நின்று கத்தும்; கத்தி முடித்தால் போய்விடும். பைனான்ஸ் கடனுக்கு முகமே கிடையாது. எங்கேயோ பெங்களூரில் இருந்துகொண்டு ஒரு லிஸ்ட்டை அனுப்பும், அதைத் தூக்கிக்கொண்டு வருகிறவன் நல்லவனாகவே இருந்தாலும் ஒன்றும் ஆகாது. குழுக் கடன் வேறு. அதற்குச் சென்னம்மாவின் முகம் இருந்தது. ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து, ஒரே தண்ணீரில் துணி துவைத்து, ஹரிணி பிறந்தபோது தொப்புள்கொடி அறுத்த முகம். மாட்டுக் கொட்டாயில் வண்டியை வைத்துக்கொண்டு, பார்க்கவில்லை என்று சொன்ன முகம். ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. அதோ அங்கே இருக்குது என்று கை காட்டியிருந்தால், பணமும் அவளுக்கு வந்திருக்கும், கூரையும் வந்திருக்கும். காட்டவில்லை. நாலாவது கடன் அதுதான். அதற்கு வட்டி என்னவென்று யாருக்கும் தெரியாது.

சுருக்குப் பையை அவிழ்த்தாள். கட்டைவிரல் மடங்காததால் பல்லால் முடிச்சை இழுத்தாள். பணத்தை எடுத்து எண்ணாமல் சென்னம்மாவின் கையில் வைத்தாள்.

"எண்ணிக்கோங்க்கா. சரியா இருக்கும்."

"மாதேசு" என்றான் திம்மராயன்.

அவள் அவனிடம் போனாள். லுங்கி மடிப்பில் சொருகியிருந்த சாவியை அவளே எடுத்தாள். அவன் கையைப் பிடித்தான். பிடித்த இடம் வீங்கிய விரல். அவள் முகம் சுளித்ததும் விட்டுவிட்டான்.

"தம்பி, வா" என்று விமல்ராஜைக் கூப்பிட்டுக்கொண்டு கொட்டாய்க்குள் போனாள். பசுவை ஒதுக்கினாள். தட்டுக் கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். வண்டியின் பின்னால் மல்லி ஏற்ற அடித்துவைத்த இரும்புக் கேரியரில் வாழை நார் இன்னும் சுற்றியிருந்தது. "இந்தக் கேரியரு நாங்க செஞ்சது. இதக் கழட்டிக்கலாமா?"

"ஸ்பானர் இருந்தா கழட்டிக்கோங்கக்கா."

ஸ்பானர் இல்லை. கேரியரோடு வண்டி போனது. கூட வந்தவன் ஓட்டிக்கொண்டு போக, விமல்ராஜ் சேற்றில் நடந்து போனான். தெருமுனை திரும்பும்போது ஒருதரம் திரும்பிப் பார்த்தான்.

சென்னம்மா பணத்தைக் கையில் பிடித்தபடியே நின்றிருந்தாள். "நான் சொல்லல புள்ள. நான் ஒண்ணும் சொல்லல" என்றாள்.

"தெரியுங்க்கா. சுவாதியப் போய்ப் பாரு."

திம்மராயன் அன்றைக்குக் களி தின்னவில்லை. மல்லிக் கட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, அழுகின இலையைக் கிள்ளி எறிந்துகொண்டிருந்தான். கவுண்டரிடம் அந்த லோடுக்கான நஷ்டத்துக்கு அவன்தான் பதில் சொல்ல வேண்டும்.

"நீயே எடுத்துக் குடுத்துட்ட" என்றான், அவளைப் பார்க்காமல்.

"ஆமா. நாந்தான் குடுத்தேன்."

"என்னைக் கேக்கல."

"நீ கவுன்டர்ல என்னைக் கேட்டியா? எனக்கு ஒரு போன் போட்டிருந்தா, கம்பெனி லைன்ல யாராச்சும் படிச்ச புள்ளைய கேட்டுச் சொல்லியிருப்பேன்."

"லைன்ல போன் எடுக்க உடுவானா உங்க சூப்பர்வைசரு?"

விடமாட்டான். காலையிலேயே போனையெல்லாம் வாங்கிப் பூட்டிவிடுவான். அவள் கருகின களியை உருட்டி, கீரையைத் தொட்டு, தின்றாள். மறுநாள் ஷிப்டு இருந்தது. சும்மா வயிற்றோடு எட்டு மணி நேரம் நிற்க முடியாது.

கார்த்திகை பிறந்து மழை விட்டது. சென்னம்மா வீட்டுக்கு ஷீட் ஏறியது. அதற்குள் சுவாதிக்குக் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்திருந்தது; பச்சை உடம்போடு அவள் புது ஷீட்டுக்கு அடியில் படுத்திருந்தாள். மல்லி ஏற்றுகிற வேலையைக் கவுண்டர் ஒரு டெம்போக்காரனுக்குக் கொடுத்துவிட்டார். திம்மராயன் அதே டெம்போவில் மூட்டை ஏற்றுகிற கூலியாகப் போனான். முன்பு வந்ததில் பாதிக்கும் குறைவு. மாதேஸ்வரியிடம் தேவைக்குப் பேசினான். அவளைக் கூட்டிப்போக யாரும் கூட்ரோட்டில் நிற்பதில்லை, நடந்து வந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் விமல்ராஜ் வந்தான். தனியாக வந்தான். மாதேஸ்வரி அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். சென்னம்மா பேத்திக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிவிட்டு, வெயிலில் காட்டிக்கொண்டு நின்றாள்.

"அண்ணன் போன எடுக்க மாட்டேங்கறாருக்கா."

"எதுக்கு எடுக்கணும்? வண்டிதான் உங்கிட்ட கீதே" என்றான் உள்ளேயிருந்து வந்த திம்மராயன்.

"வண்டிய ஏலம் உட்டுட்டாங்கண்ணா. முப்பத்தோராயிரத்து ஐநூறுக்குப் போச்சு."

"போவட்டும். நல்லா ஓட்டட்டும். கேரியரு நல்ல இரும்பு."

"அதில்லண்ணா." விமல்ராஜ் நின்றபடியே பேசினான். இந்தத் தடவை வாசப்படியில் உட்காரவில்லை. "உங்க கணக்குல நாப்பத்தேழாயிரத்துச் சில்ற நின்னுச்சு. அசல், வட்டி, பௌன்ஸு, வண்டி எடுத்த கூலி, அத நிறுத்தி வெச்ச யார்டு வாடகை எல்லாம் சேத்து. ஏலப் பணம் போக மீதி பதினாறாயிரத்து நானூத்தி அறுபது வருது. அத நீங்க கட்டணும்."

திம்மராயன் அவனையே பார்த்தான். கோபப்படவில்லை. விளங்காத மொழியில் யாரோ வழி கேட்டது போலப் பார்த்தான்.

"என்னா தம்பி சொல்ற? வண்டி உங்கிட்ட. கடனும் எங்கிட்டயா?"

"அப்படித்தாண்ணா அக்ரிமெண்ட்டு."

"எங்கம்மா மூக்குத்தியும் கம்மலும் சேட்டுக் கடையில முழுகிப் போச்சு" என்றாள் சென்னம்மா, குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு. "மூணு வருசம் வட்டி கட்டல, முழுகிப் போச்சு. அதோட முடிஞ்சுது. அப்புறம் அந்தாளு ரோட்ல பாத்தாக்கூட நல்லா கீறியாம்மான்னுதான் கேப்பாரு. அடகு முழுகினா கணக்கும் முழுகினுதுதானே?"

"அது நகை அடகுங்க்கா. இது வேற."

"எல்லாமே வேறதான் உங்களுக்கு" என்றாள் மாதேஸ்வரி. அவரைக்காயை முறத்தில் தட்டினாள். "மொத்தமாக் குடுத்தாலும் வேற. பொருளக் குடுத்தாலும் வேற. எதக் குடுத்தா தம்பி தீரும்?"

"பணத்தக் குடுத்தாத்தாங்க்கா."

அவன் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னான். மாதேஸ்வரி ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். நின்றபடியே குடித்தான். சொம்பை வைத்துவிட்டு, மாதம் ஆயிரம் ரெண்டாயிரமாகக் கட்டினாலும் வாங்கிக்கொள்வார்கள், நான் பேசிப் பார்க்கிறேன் என்றான். எப்போதிலிருந்து என்று திம்மராயன் கேட்கவில்லை. டெம்போ ஹாரன் அடித்தது. துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தான். பாதி தூரம் போய் நின்றான்.

"எவ்ளோ சொன்ன?"

விமல்ராஜ் மறுபடியும் சொன்னான். திம்மராயன் தலையாட்டிவிட்டுப் போய் டெம்போவின் பின்னால் ஏறிக்கொண்டான்.

குழுவுக்கு இன்னும் பதினோரு தவணை இருந்தது. முனிவேலிடம் பழைய கடன் அப்படியே நின்றது. அவை போக, யாரோ ஓட்டிக்கொண்டு திரிகிற வண்டிக்குத் திம்மராயன் கட்ட வேண்டிய பாக்கி பதினாறாயிரத்து நானூற்று அறுபது ரூபாய்.